கவ்வாத்துக்கு மன்னா கத்தி சரிவராது

ஹட்டன் பக்கம் அரை ஏக்கர் தேயிலை, மன்னா கத்தியால் கவ்வாத்து (செடியின் கிளைகளைக் கழிப்பது) வெட்டினால் கிளை பிளந்து போகிறது, குசினிக்கும் அதே கத்திதான் என்று எழுதியிருந்தீர்கள். கத்தி மழுங்கியது பாதிக் காரணம்தான். மீதி அதன் வடிவம்.

மன்னா கத்தி ஓங்கிப் போடுவதற்கானது, எடையால் வேலை செய்யும். கிளையில் ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் கிழித்துவிடும். கவ்வாத்துக் கத்தியின் நுனி உள்பக்கம் வளைந்திருப்பது சும்மா இல்லை. அந்த வளைவு கிளையை வழுக்க விடாமல் பிடித்துக்கொள்ளும். நீங்கள் ஒரே இழுப்பாக இழுக்கும்போது அலகு சறுக்கிக்கொண்டே அறுக்கும். வெட்டு சாய்வாகவும் வழவழப்பாகவும் விழ வேண்டும். பிளந்த இடத்தில் தண்ணீர் தேங்கினால் மரம் அழுகத் தொடங்கும். கத்திக்கு அடங்காத தடித்த கிளையென்றால் மல்லுக்கட்டாமல் ரம்பத்தை எடுங்கள்.

ஒன்று, வளைந்த கத்தியை அகலமான தட்டைக் கல்லில் தீட்ட முடியாது. ஒடுக்கமான தீட்டுக்கல்லை உள்வளைவோடு ஓட்டுங்கள். எங்கள் அப்பா கத்தியைவிடக் கல்லைத்தான் பத்திரமாக ஒளித்து வைப்பார்!

குசினிக்கு வேறு கத்தி வாங்குங்கள். லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்) நிறைய அரிவதானால் வெளிப்பக்கம் வளைந்த அலகு. நுனியைப் பலகையில் ஊன்றி ஆட்டி ஆட்டி அரியலாம். கிழங்குத் தோல் சீவச் சின்னக் கத்தி போதும். மன்னா கத்தியையும் வீசிவிட வேண்டாம், அதன் முதுகால் தேங்காய் உடைக்கலாம்.