ஹோட்டல் பியானோவில் முப்பது வருடம்

அன்புள்ள ஐயா,

கியூபாவின் பியானோக் கலைஞர் பெபோ வால்தேஸ் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு ‘லாக்ரிமாஸ் நெக்ராஸ்’ ஆல்பத்தைத் தேடிக் கேட்டேன். பாட்டின் மொழி புரியவில்லை, ஆனால் அந்தப் பியானோ என்னை விடவில்லை. எனக்கு வயது 54. இருபத்தைந்து வருடம் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தேன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது குழு இல்லை. திருச்சியில் ஒரு ஹோட்டலில் வாரம் நான்கு நாள், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்கிறேன். யாரும் தட்டிலிருந்து தலையைத் தூக்குவதில்லை.

பெபோவைப் பற்றி மேலும் தேடினால், இந்த லத்தீன் ஜாஸ் கலைஞர்கள் எல்லோருடைய வாழ்க்கைக் குறிப்பும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது. பிறந்த ஊர், பெரிய குழு, விருதுகள், மரணம். பெபோவுக்கு மட்டும் நடுவில் ஒரு வரி: ‘முப்பது ஆண்டுகள் ஸ்டாக்ஹோமில் ஹோட்டல்களில் பியானோ வாசித்தார்.’ என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. அப்பேர்ப்பட்ட கலைஞனுக்கு அது வீணாய்ப் போன காலம்தானே?

இன்னொரு சின்னச் சந்தேகம். இந்த இசையில் ‘ஒன்று’, அதாவது தாளத்தின் முதல் அடி, எங்கே விழுகிறது என்றே எனக்குப் பிடிபடவில்லை. பேஸ் நான் எதிர்பார்க்கிற இடத்தில் வருவதே இல்லை. எதைக் கேட்டால் பிடிபடும்?

அன்புடன்,
எஸ்., திருச்சி

*

அன்புள்ள எஸ்.,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் ‘வீண்’ என்ற சொல்லில்தான் நின்றேன். அந்த இடத்தில் ‘இழப்பு’ என்று எழுதியிருந்தீர்கள் என்றால் மறுபேச்சு பேசமாட்டேன்.

இழந்தது கொஞ்சநஞ்சமில்லை. 1948 முதல் 1957 வரை ஹவானாவின் ட்ரோப்பிகானா விடுதியில் பியானோவும் இசைக்கோர்ப்பும் பெபோவின் பொறுப்பு. அன்றைய கியூபாவில் ஒரு இசைக்காரர் உட்கார ஆசைப்படும் இடம் அது. 1952-இல் ‘பதங்கா’ என்று ஒரு புதிய தாளக்கட்டை உண்டாக்கினார். ஆப்பிரிக்க வழிபாட்டுச் சடங்குகளில் முழங்கிவந்த பாட்டா முரசை நடனக் குழுவுக்குள் கொண்டுவந்தார். அப்போது ஊரெல்லாம் மாம்போ என்ற நடன இசையின் அலை, அதில் பதங்கா எடுபடவில்லை. அதே ஆண்டு அமெரிக்கத் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸுக்காக ‘கோன் போக்கோ கோக்கோ’வைப் பதிவு செய்தார். இசைக்காரர்கள் கூடி, முன்கூட்டி எழுதிவைக்காமல் அந்த நேரத்துக்குத் தோன்றியதை வாசிப்பதை கியூபாவில் ‘டெஸ்கார்கா’ என்பார்கள். அது இசைத்தட்டில் ஏறியது அந்தப் பதிவில்தான் முதல்முறை என்று சொல்கிறார்கள். பிறகு ‘சபோர் தே கூபா’ என்று சொந்தக் குழு. அதில் பியானோ வாசித்த பையன் அவருடைய மகன் சூச்சோ. அப்பாவுக்கும் மகனுக்கும் பிறந்தநாள் ஒன்றுதான், அக்டோபர் 9. அப்பா 1918, மகன் 1941.

1960 அக்டோபரில் பெபோ மெக்சிகோவுக்குக் கிளம்பினார். புரட்சி வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சூச்சோவுக்கு அந்த மாதம்தான் 19 முடிந்திருந்தது. பெபோ அதன்பின் கியூபாவில் கால் வைக்கவே இல்லை. மெக்சிகோவிலிருந்து ஸ்பெயின், அங்கிருந்து லெக்குவோனா கியூபன் பாய்ஸ் குழுவோடு ஐரோப்பிய ஊர்கள். 1963-இல் ஸ்டாக்ஹோமில் வாசிக்கப் போன இடத்தில் ரோஸ் மேரி என்ற ஸ்வீடன் நாட்டுப் பெண்ணைச் சந்தித்தார். கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார். மகனை மறுபடி பார்த்தது 1978-இல், நியூயார்க்கில். சூச்சோ தன் இராக்கெரே குழுவோடு கார்னகி ஹாலில் வாசிக்க வந்திருந்தார். விட்டுப்போனபோது பையன், பார்க்கும்போது கியூபாவின் முதல் வரிசைக் குழுவுக்குத் தலைவன். நடுவில் போன பதினெட்டு வருடத்துக்குப் பின்னால் வந்த எந்த விருதும் ஈடாகாது. அதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் ஹோட்டல் பியானோ? அங்கே என்ன வேலை நடக்கிறது என்று என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது, இடது கைதான் இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சத்தம் ஏறினால் சாப்பிடுகிறவர் முகம் சுளிப்பார், தாளம் தொய்ந்தாலோ அவருக்கே தெரியாமல் அந்த அறை தூங்கிவிடும். கேட்கிற பாட்டை எந்தச் சுருதியிலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். இதை ராத்திரிக்கு ராத்திரி, முப்பது வருடம் செய்தவருடைய கை எப்படி இருக்கும்? ‘லாக்ரிமாஸ் நெக்ராஸ்’ வெளிவந்தபோது பெபோவுக்கு 84 வயது. பாடுகிற தியேகோ எல் சிகாலா ஸ்பெயினின் ஃபிளமெங்கோ பாடகர். தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடுகிற மரபு அது. அந்தக் குரலுக்குக் கீழே பெபோ ஓசை எழுப்பாமல் நடக்கிறார். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று நோட், அதுவும் பாட்டு விட்ட இடத்தைத் தொட்டுக் கொடுக்கிற மாதிரி. ட்ரோப்பிகானாவில் பித்தளை வாத்தியப் பட்டாளத்துக்கு நடுவே வாசித்த 35 வயதுக்காரருக்கு அந்த அடக்கம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசிக்கக் கற்றவர்தான் அப்படி வாசிக்க முடியும்.

1994-இல் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கூப்பிட்டவர் பக்கீட்டோ டிரிவேரா. இராக்கெரேயில் சூச்சோவுக்குப் பக்கத்தில் நின்று சாக்ஸபோன் வாசித்தவர், 1980-இல் ஸ்பெயினுக்குப் போன இடத்தில் குழுவை விட்டு விலகி அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். மகனுடைய கூட்டாளி அப்பாவைக் கூப்பிடுகிறார். ஜெர்மனியில் ரெக்கார்டிங், வருகிறீர்களா என்று. பெபோவுக்கு அப்போது 76. முப்பது வருடத்துக்கும் மேலாகத் தன் பெயரில் ஓர் ஆல்பம் வராத மனிதர், உட்கார்ந்து இசைக்கோர்ப்புகளை எழுதி எடுத்துக்கொண்டு போனார். ‘பெபோ ரைட்ஸ் அகெய்ன்’ என்ற அந்த ஆல்பத்தில் கொங்கா (கையால் தட்டும் உயரமான முரசு) வாசிப்பவர் பத்தாத்தோ வால்தேஸ். அவரும் ஹவானாவிலிருந்து வந்தவர்தான். அதைக் கேட்டால் வயதும் தெரியாது, இடைவெளியும் தெரியாது.

பெபோவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இன்னொருவர் கூடவே வருவார், கச்சாவோ. இயற்பெயர் இஸ்ராயேல் லோபெஸ். அதே 1918-இல், ஏறக்குறைய ஒரு மாதம் முந்தி, செப்டம்பர் 14 அன்று ஹவானாவில் பிறந்தவர். அவர் குடும்பத்தில் மட்டும் டபுள் பேஸ் வாசிப்பவர்கள் டஜன் கணக்கில் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே ஹவானா ஃபில்ஹார்மோனிக்கில் சேர்ந்துவிட்டார். வாத்தியத்துக்கு உயரம் எட்டாமல் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று வாசித்தார் என்று சொல்வார்கள். அங்கே மேற்கத்திய செவ்வியல், மற்ற நேரத்தில் நடன இசை. 1938-இல் அவரும் அண்ணன் ஒரெஸ்டெஸும் ‘மாம்போ’ என்ற பெயரில் ஒரு தான்சோன் (கியூபாவின் பழைய நடன இசை) உருப்படியை வாசித்தார்கள். உலகத்தையே ஆடவைத்த மாம்போவுக்கு விதை அதுதான். புகழ், பிறகு மாம்போவைப் பரப்பிய குழுத் தலைவர் பெரெஸ் பிராதோவுக்குப் போயிற்று. 1957-இல், இரவு வேலை முடிந்த நண்பர்களை விடிகாலையில் ஸ்டுடியோவுக்கு அழைத்துவந்து சின்னச் சின்ன டெஸ்கார்காக்களாகப் பதிவு செய்தார். இன்றைக்கும் லத்தீன் ஜாஸ் பேஸ் கற்கிறவர்களுக்கு அது பாலபாடம்.

1962-இல் அவரும் நாட்டை விட்டு வெளியேறினார். ஸ்பெயின், நியூயார்க், லாஸ் வேகாஸ், கடைசியில் மயாமி. மயாமியில் என்ன செய்தார் என்கிறீர்கள்? கல்யாணத்திலும் ஞானஸ்நான விருந்திலும் வாசித்தார். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மேடைகள். நடிகர் ஆண்டி கார்சியா, சின்ன வயதிலிருந்து அவர் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த கியூபாக்காரர், 1992-இல் அவருக்காக ஒரு கச்சேரி நடத்தி அதைப் படமாக எடுத்தார். அதன் பின்னால் வந்த ‘மாஸ்டர் செஷன்ஸ்’ ஆல்பத்துக்கு 1995-இல் கிராமி கிடைத்தது. கச்சாவோவுக்கு அப்போது வயது 76, பக்கீட்டோ கூப்பிட்டபோது பெபோவுக்கு இருந்த அதே வயது.

இப்போது உங்கள் ‘ஒன்று’க்கு வருகிறேன், அதற்கும் ஆள் கச்சாவோதான். பதினாறு எண்ணுங்கள், ஒரே வேகத்தில். 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் மட்டும் மேசையில் விரலால் தட்டுங்கள். மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு என்று இடைவெளி வரும். இதுதான் ‘கிளாவே’. இரண்டு உருண்டை மரக்கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி வாசிப்பார்கள். முதல் பாதியில் மூன்று தட்டு, மறு பாதியில் இரண்டு. சில உருப்படிகளில் இரண்டு முதலில் வரும், மூன்று பின்னால். நம் கச்சேரியில் பாடகர் தொடையில் போடுகிற தாளம் மாதிரி, கட்டை வாசிக்காத நேரத்திலும் எல்லோர் மனசிலும் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

பேஸ் இதற்குள் எங்கே நிற்கிறது? நான்கு அடி கொண்ட ஒரு ஆவர்த்தனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராக், சினிமாப் பாட்டு எல்லாவற்றிலும் பேஸ் முதல் அடியில் காலை ஊன்றும். கியூப இசையில் பேஸ் திரும்பத் திரும்ப வாசிக்கும் ‘தும்பாவோ’ என்ற அமைப்பில் அந்த முதல் அடியில் பேஸ் ஒன்றும் வாசிக்காது. இரண்டாவது அடிக்கும் மூன்றாவது அடிக்கும் நடுவே ஒன்று, நான்காவது அடியில் ஒன்று, அவ்வளவுதான். அந்த நான்காவது அடி நோட்டு அடுத்த ஆவர்த்தனத்தின் கார்டுக்குச் சேர்ந்தது. முன்கூட்டியே வந்து உட்கார்ந்து, ‘ஒன்று’ விழும்போது நீண்டு ஒலித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் வாசலில் காத்திருக்கிறீர்கள், அவர் ஏற்கனவே உள்ளே வந்துவிட்டார். கர்நாடக சங்கீதத்தில் அதீத எடுப்பு என்கிறோமே, சமத்துக்கு, அதாவது தாளத்தின் முதல் அடிக்கு, முன்னாலேயே பாட்டைத் தொடங்குவது, அதை ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் விடாமல் செய்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். இந்த இசை எப்போதும் முன்னால் சாய்ந்தே நடப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் கீபோர்டில் இடது கையால் இதைப் போட்டுப் பாருங்கள். முதல் அடியில் கை தானாகக் கீழே போகும். அதைத் தடுப்பதுதான் பயிற்சி.

வாழ்க்கைக் குறிப்புகள் ஒரே அச்சில் இருப்பதாகச் சொன்னீர்கள். அந்த அச்சுக்குப் பொருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். குழுத் தலைவரும் தாளவாத்தியக் கலைஞருமான தீட்டோ புவெந்தே நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்து, கடற்படையில் இருந்து, ஜூலியார்டில் படித்து, நூறு ஆல்பத்துக்கு மேல் கொடுத்து, 2000-இல் இறக்கும்வரை மேடையிலேயே இருந்தார். பொருந்தாதவர் மாரியோ பௌசா. 1930-இல் ஹவானாவிலிருந்து நியூயார்க் போனார். கிளாரினெட் வாசிப்பவர், ஒரு ரெக்கார்டிங்குக்கு ஆள் வேண்டுமென்று இரண்டே வாரத்தில் டிரம்பெட் கற்றுக்கொண்டார். சிக் வெப்பின் ஜாஸ் குழுவுக்கு இசை இயக்குநர் ஆனார். கேப் காலவேயின் ஜாஸ் குழுவில் இருந்தபோது, தனக்கு உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லித் தன் இடத்தில் ஓர் இளைஞரை வாசிக்க அனுப்பினார் என்பார்கள். அந்த இளைஞர், பின்னால் ஜாஸ் மேதையான டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி. பிறகு தன் மச்சான், பாடகர் மச்சித்தோவின் குழுவை 1940 முதல் வளர்த்தெடுத்து, 1943-இல் ‘டாங்கா’ என்ற உருப்படியை உருவாக்கினார். கியூபத் தாளமும் ஜாஸும் ஒட்டுத் தெரியாமல் சேர்ந்தது அங்கேதான். 1947-இல் கொங்கா வாசிக்கும் சானோ போசோவை டிஸ்ஸியிடம் கூட்டிப்போனவரும் அவர்தான். புகழ்பெற்ற ‘மன்டேக்கா’ உருப்படி பிறந்தது அந்தச் சேர்க்கையில். இவ்வளவும் செய்த மனிதர் முப்பத்தைந்து வருடம் மச்சித்தோவின் பெயர் போட்ட பதாகைக்குக் கீழே நின்றார். தன் குழுவோடு ‘டாங்கா’வை ஆல்பமாகக் கொண்டுவந்தபோது 1992, அவருக்கு வயது 81. அடுத்த வருடம் இறந்துவிட்டார்.

இவர்களை யார் ஞாபகம் வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். டிஸ்ஸியை பௌசா கண்டுபிடித்தார், பெபோவை பக்கீட்டோ கூப்பிட்டார். கச்சாவோவுக்கு ஒரு ரசிகர் வந்தார், அவரும் கொங்கா தட்டத் தெரிந்தவர். விருதுக் குழுக்கள் எல்லாம் பிறகு வந்தவை. உங்கள் பழைய குழுவில் தபேலாவோ கிட்டாரோ வாசித்த யாருக்காவது இன்று போன் செய்தீர்களா? சும்மா கேட்கிறேன்.

கேட்க வேண்டிய வரிசை: முதலில் கச்சாவோவின் 1957 டெஸ்கார்காக்கள். பேஸை மட்டும் பின்தொடருங்கள். பிறகு ‘டாங்கா’. அதன் பிறகு ஸ்பெயின் இயக்குநர் ஃபெர்னாண்டோ ட்ருவேபா லத்தீன் ஜாஸ் பற்றி 2000-இல் எடுத்த ‘காயே 54’ படத்தைப் பாருங்கள். அதில் பெபோவும் கச்சாவோவும் ‘லாக்ரிமாஸ் நெக்ராஸ்’ வாசிக்கிறார்கள், எண்பதைத் தாண்டிய இரண்டு பேர், பியானோவும் பேஸும் மட்டும். கச்சாவோ இறந்தது 2008 மார்ச் 22. பெபோ இறந்தது 2013, அதே மார்ச் 22.

அந்தப் படத்தில் இன்னொரு பகுதி இருக்கிறது. பெபோவும் சூச்சோவும் ஆளுக்கொரு பியானோவில் கியூப இசையமைப்பாளர் எர்னெஸ்டோ லெக்குவோனாவின் ‘லா கொம்பார்சா’வை வாசிக்கிறார்கள். கொம்பார்சா என்றால் கார்னிவல் ஊர்வலம். தூரத்துத் தெருவில் முரசு கேட்க ஆரம்பித்து, ஊர்வலம் நம் வாசலுக்கு வந்து, கடந்து, மறுபடி தூரத்தில் தேய்ந்துபோகிற மாதிரி எழுதப்பட்ட உருப்படி அது. அதைக் கேட்கும்போது அப்பாவின் இடது கையை மட்டும் கவனியுங்கள். எனக்கு அதில் ஸ்டாக்ஹோம் கேட்கிறது. உங்களுக்கு என்ன கேட்டது என்று எழுதுங்கள், தும்பாவோ கைக்கு வந்ததா என்பதையும்.

அன்புடன்.