சமீபத்தில் படித்ததில் மனதை விட்டுப் போகாத இரண்டு புத்தகங்கள்

ஒரு நாவல், ஒரு புனைவல்லாத நூல் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டையும் அயர்லாந்திலிருந்தே சொல்வேன்.

நாவல், கிளேர் கீகனின் ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’ (2021). 1985, கிறிஸ்துமஸ் சமயம். நிலக்கரி வியாபாரி பில் ஃபர்லாங் கன்னிமடத்துக்குச் சரக்கு கொண்டுபோகிறார். அங்கே கரிக் கொட்டகைக்குள் ஒரு பெண் பூட்டப்பட்டிருக்கிறாள். ‘வழிதவறியவர்கள்’ என்று முத்திரை குத்திப் பெண்களிடம் கூலியில்லாமல் வேலை வாங்கிய மக்தலேன் சலவைக்கூடங்கள் அந்த நாட்டில் நிஜமாகவே இருந்தன. கடைசிக் கூடம் மூடப்பட்டது 1996இல்தான். ஊருக்கும் அரசல்புரசலாகத் தெரியும். ஆனால் மடத்தைப் பகைத்துக்கொண்டால், மடம் நடத்தும் பள்ளியில் மகள்களின் படிப்பு என்னாகும்? நல்லவர்கள் வாய் மூடியிருப்பது எப்படி என்பதை இவ்வளவு சின்ன நாவலில், குரலை உயர்த்தாமல், கீகன் காட்டிவிடுகிறார். ஃபர்லாங்கின் மனைவி பேசும் இடங்களில் அவள்மீது கோபமே வரவில்லை எனக்கு. அதுதான் கலங்க வைத்தது.

அப்புறம், பாட்ரிக் ராடன் கீஃபின் ‘சே நத்திங்’ (2018). பத்துப் பிள்ளைகளின் தாயான ஜீன் மெக்கான்வில் 1972இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் ஐ.ஆர்.ஏ.வால் கடத்திக் கொல்லப்பட்டார். வட அயர்லாந்தை பிரிட்டனிடமிருந்து பிரித்து அயர்லாந்தோடு சேர்க்க ஆயுதம் ஏந்திய அமைப்பு அது. உடல் கிடைத்தது 2003இல். பெயர்கள் நிறைய வரும், தொடக்கத்தில் பொறுமை வேண்டும். ஆயுதம் ஏந்தியவர்கள், வட அயர்லாந்து பிரிட்டனோடே நீடித்த 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு ‘இதற்காகவா கொன்றோம்?’ என்று உள்ளுக்குள் உடைந்துபோகும் பகுதிகள் அபாரம்.

கீகனை ஒரே மாலையில் முடித்துவிடலாம். முதலில் அதை எடுங்கள்.