கதை ஆட்டம் தொடங்க மூன்று புத்தகமும் வாங்க வேண்டுமா?

கிளிநொச்சியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உயர்தரம் முடித்த ஐந்து பேர் சேர்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாகிப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம்) விளையாட ஆசையாம், ஒருவருக்கும் பழக்கமில்லை, ஆங்கிலமும் மட்டுமட்டு. முகநூலில் ஒருவர் அதன் மூன்று விதிப் புத்தகம், பகடை, பொம்மைகள் எல்லாம் சேர்த்து விற்கிறாராம், இவை இல்லாமல் தொடங்கவே முடியாது என்கிறாராம். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்த மூன்றும் ஆட்டம் பிடித்துப்போன பிறகு வாங்கும் புத்தகங்கள், அதில் ஒன்றே 300 பக்கத்துக்கு மேல். அடிப்படை விதிகளை ஆட்டத்தை வெளியிடும் கம்பனியே இணையத்தில் இலவசமாக விட்டிருக்கிறது. 2023 ஜனவரியில் எஸ்ஆர்டி 5.1 என்ற விதித்தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் கொடுத்துவிட்டார்கள் (பழைய உரிமத்தை இறுக்கப் பார்த்து, விளையாடுபவர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் இந்தத் தாராளம்). எங்கே இருந்து எடுத்தது என்று குறிப்பிட்டால் போதும், போட்டோக் கொப்பி அடிக்கலாம், தமிழில் பெயர்க்கலாம், ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. இந்த விதித்தொகுப்பின் பிடிஎஃப்பைத்தான் சிலர் அச்சடித்து, சுருள் கம்பி போட்டு, ‘ஒரிஜினல்’ என்று தலையில் கட்டுகிறார்கள். விற்பதற்கும் உரிமத்தில் இடமுண்டு, சரி, ஆனால் சும்மா கிடைக்கிற பொருள் என்பதை மறைத்து விற்பதற்கு என்ன பெயர்?

முதல் நாள் மற்ற நாலு பேரும் விதி படிக்கவே வேண்டாம். கதை நடத்தும் ஒருவர், டிஎம் என்பார்கள், அவர் மட்டும் கொஞ்சம் பார்த்து வைத்தால் காணும். கொப்பித் தாளில் ஆளுக்கு மூன்று வரி எழுதிக் கொடுக்கட்டும்: பெயர், நன்றாக வரும் வேலை ஒன்று, வராத வேலை ஒன்று. தெரிந்த இடத்தில் தொடங்குங்கள். பொழுதுபடும் நேரம், குளக்கட்டில் தனியன் யானை நிற்கிறது, அந்தப் பக்கம் யாரோ உதவிக்குக் கத்துகிறார்கள், என்ன செய்கிறீர்கள்? ஒருவர் “பற்றைக்குள்ளால் பதுங்கிப் போகிறேன்” என்றால் டிஎம் ஓர் எண்ணைச் சொல்கிறார். சுகமான வேலைக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கஷ்டமானதுக்கு 20. இருபது பக்கப் பகடையில் அந்த எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் காரியம் நடந்தது, விழாவிட்டால் யானை காதை விரித்துத் திரும்புகிறது, கதை அங்கே இருந்து ஓடும். பதுங்குவது அவருக்கு நன்றாக வரும் வேலை என்றால் விழுந்ததோடு 3 கூட்டுங்கள். 15 வேண்டிய இடத்தில் நூற்றுக்கு 30 ஆக இருந்த வாய்ப்பு 45 ஆகிவிடும்.

அந்தப் பகடைக்கும் அலைய வேண்டாம். 1 முதல் 20 வரை துண்டுச் சீட்டு எழுதி வெறும் பால்மா ரின்னில் போடுங்கள், எடுத்ததை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். லூடோப் பகடை மூன்றை உருட்டினால் என்ன என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அது நடுவிலேயே 10, 11 என்று விழுந்துகொண்டிருக்கும், மூன்றிலும் 1 விழ 216-இல் ஒரு வாய்ப்பு, ஆட்டத்தின் உயிரே எதிர்பாராமல் வரும் 1-உம் 20-உம்தான்.

காசு கொடுக்கலாம் என்று நான் சொல்லும் ஒரே பொருள் ஸ்டார்ட்டர் செட் என்ற பெட்டி. 2014-இல் வந்ததில் 32 பக்க விதி, 64 பக்கக் கதை, ஆயத்தமாக எழுதிய 5 பாத்திரங்கள், 6 பகடைகள் இருந்தன. பிறகு வந்த பெட்டிகளில் கணக்கு கொஞ்சம் மாறும். கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ மாமா, சித்தி யாராவது வருகிறார்கள் என்றால் பயணப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். அதுவும் உங்களில் ஒருவராவது ஆங்கிலத்தை வாசித்துச் சொல்லக்கூடியவர் என்றால் மட்டும். அதுவும் உறை பிரிக்காத பெட்டி என்றால் மட்டும், பகடை தனி, புத்தகம் தனி என்று பிரித்து விற்பதைத் தொடவே வேண்டாம். தபாலில் எடுப்பிக்காதீர்கள். பார்சல் கொழும்பில் கிடக்கும், வரி எவ்வளவு என்று முன்கூட்டி ஒருவரும் சொல்லமாட்டார்கள், கேட்டால் இன்னொரு படிவத்தைத் தருவார்கள், அதையும் நிரப்பிக் கொடுத்தால் வேறு யன்னலுக்குப் போகச் சொல்வார்கள்.

அந்த முகநூல்காரர் முற்பணம் கேட்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். புத்தகத்தின் உள்பக்கத்தை, பக்கத்தில் இன்றைய பேப்பரை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அனுப்பினாலும் வாங்காதீர்கள், அது வேறு கதை.