காட்டு மை: கேள்வி பதில்

கேள்வி: எழுதும் மை செய்ய, விழுந்து கிடந்த வாட்டில் (wattle) மரத்தின் பட்டையை அவித்து, துருப்பிடித்த ஆணி ஊறிய வினாகிரியைக் கலந்தேன். கறுப்பு வரும் என்றார்கள். வந்ததோ பாசிப் பச்சை ஓடிய சாம்பல். அடியில் மண்டியும் தங்குகிறது. – வாசகி, நானுஓயா

பதில்: உங்கள் கைப்பிழை இல்லை, பட்டையின் குணம் அது. துவர்ப்புச் சத்தில் இரண்டு வகை உண்டு. வாட்டில் பட்டையில் உள்ளது இரும்போடு சேர்ந்தால் பச்சை கலந்த கறுப்பைத்தான் தரும். நீலம் ஓடிய கறுப்புக்குக் கடுக்காய் வேண்டும். பிபிலைப் பக்கத்துக் காடுகளில் தானாக விளைகிறது. எட்டாதவர்கள் நாட்டு மருந்துக் கடையில் வாங்கலாம்.

கொட்டையை நீக்குங்கள், துவர்ப்பு தோலில்தான். 50 கிராம் தோலை நொறுக்கி அரை லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் சிறு தீயில் பாதியாக வற்றவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. இரும்புச் சட்டியென்றால் அடுப்பிலேயே கறுத்துவிடும். துணியில் இருமுறை வடித்து ஆறவிட்டு, ஆணித் தண்ணீரை ஒவ்வொரு தேக்கரண்டியாக விட்டுக் கடதாசியில் கீறிப் பாருங்கள். கோடு முதலில் வெளிறித்தான் இருக்கும், காற்றுப் பட்டதும் கறுக்கும். பத்து நிமிடம் பொறுத்து அடுத்த கரண்டி. நிறம் மேலே ஏறாத இடத்தில் நிறுத்திவிடுங்கள். இரும்பும் புளிப்பும் மிஞ்சினால் கோடு நாளடைவில் பழுப்பாகி, கடதாசியையும் தின்றுவிடும்.

மண்டிக்கும் காற்றுத்தான் காரணம்: மை போத்தலுக்குள்ளேயே கறுத்துத் திரள்கிறது. சிறு போத்தலில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள். 100 மில்லிலீற்றருக்கு ஒரு தேக்கரண்டி வேலம் பிசின் கரைத்தால் துகள் லேசில் படியாது, கோடும் பரவாது. இரண்டு கராம்பு போட்டால் பூஞ்சணம் தள்ளிப்போகும். நம் மழைக்காலத்தில் அதையும் முழுக்க நம்ப முடியாது. (ஆணி ஊறும் போத்தலை மட்டும் இறுக்காதீர்கள், வாயு கட்டும்.)

கேள்வி: போவிட்டியா என்ற காட்டுச் செடியின் பழச்சாற்றில் வரைந்த படம் சுவரில் மங்கிவிட்டது. நிலைக்க வைக்க வழி உண்டா? – வாசகர், கினிகத்தேனை

பதில்: இல்லை. ஊதாப் பழச்சாயம் எதுவும் வெளிச்சத்துக்கு நிற்காது. கொப்பிக்குள் வரைந்து மூடி வையுங்கள். தேசிப்புளி ஒரு சொட்டு விட்டால் சிவக்கும், அப்பச்சோடா தூவினால் நீலமோ பச்சையோ ஆகும். அந்த விளையாட்டுக்காகவே அதை வைத்திருக்கலாம்.

கேள்வி: மஞ்சள் மைக்காக ஹோர்ட்டன் சமவெளியில் செடி பறிக்கலாமா? – வாசகர், ஹட்டன்

பதில்: கூடாது, 1988 முதல் அது தேசியப் பூங்கா. மஞ்சள் நிறத்துக்கு வீதியோரக் காட்டுச் சூரியகாந்தியே போதும். இரண்டு கைப்பிடி இதழை மூழ்கும் அளவு தண்ணீரில் 20 நிமிடம் அவித்து வடித்து, ஒரு சிட்டிகை படிகாரம் போடுங்கள். தேயிலை மலையில் களைநாசினி அடித்த ஓரங்களில் மட்டும் பறிக்க வேண்டாம்.