சூடோ போட்டால் ஓடுகிறது, போடாவிட்டால் ‘பர்மிஷன் டினைட்’

கேள்வி: கடையில் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதன் விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கை யூஎஸ்பி பெட்டியில் போட்டு, உபுண்டு லேப்டாப்பில் கியூஇஎம்யூ (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்டும் சாஃப்ட்வேர்) வழியாக பூட் செய்கிறேன். சூடோ (நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும் கட்டளை) போட்டால் பில்லிங் சாஃப்ட்வேர் வரை திறக்கிறது. இல்லாவிட்டால் ‘பர்மிஷன் டினைட்’. வீடியோ பார்த்து, எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 போட்டேன். அன்றைக்கு ஓடியது, மறுநாள் பழைய கதைதான். என்ன செய்வது?

பதில்: டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. செருகிய டிஸ்க்குக்கு உபுண்டு எஸ்டிபி (/dev/sdb) என்று பெயர் வைத்திருக்கும்; டெர்மினலில் அதன் விவரத்தைப் பாருங்கள். ஓனர் ரூட் (நிர்வாகி), குரூப்பின் பெயர் ‘டிஸ்க்’, உரிமை 660 (ஓனரும் குரூப்பும் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) என்று இருக்கும். நீங்கள் ரூட்டும் இல்லை, அந்த குரூப்பிலும் இல்லை. கியூஇஎம்யூ உங்கள் பெயரில் ஓடுவதால் அதற்கும் கதவு சாத்தியிருக்கிறது. இதை ஒரு வரியில் சொல்லத் துப்பில்லாமல், இத்தனை வருஷமாக அதே இரண்டு வார்த்தையைத் துப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

எஸ்டிபி என்பது சேமித்து வைத்த ஃபைல் இல்லை. கேபிளைச் செருகும் ஒவ்வொரு முறையும் உபுண்டுவின் மையமான கெர்னல் அதைப் புதிதாக உண்டாக்கும், செருகும் கருவிகளைக் கவனிக்கும் யூடெவ் மறுபடி 660 போடும். உங்கள் 777 போனது அப்படித்தான். போனதும் நல்லதே. அது இருக்கும்வரை லேப்டாப்பில் ஓடும் எந்த புரோகிராமும் உங்கள் கடைக் கணக்கை அழித்திருக்கலாம்.

அடுத்து ஒரு சர்வீஸ் ஆள் வந்து, “டிஸ்க் குரூப்பில் சேர்த்துவிடுகிறேன் சார், ஐந்நூறு கொடுங்க” என்பார். கொடுக்காதீர்கள். அந்த குரூப்பில் இருப்பவர் லேப்டாப்பின் சொந்த டிஸ்க்கையும், பாஸ்வேர்டு ஃபைல் உட்பட, நேரடியாகப் படிக்கலாம், எழுதலாம். ஏறக்குறைய ரூட்டுக்குச் சமம் என்று, உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனை உருவாக்குபவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது ஒரு யூடெவ் ரூல், அதாவது இந்த டிஸ்க் வந்தால் இப்படி உரிமை கொடு என்று யூடெவ்வுக்கு எழுதி வைக்கும் விதி. டிஸ்க்கின் சீரியல் நம்பரைக் குறிப்பிட்டு, ஓனர் என்ற இடத்தில் உங்கள் யூசர் பெயரைப் போடுங்கள். எஸ்டிபி என்று எழுதி வைக்காதீர்கள். நாளை வேறு பென்டிரைவ் முதலில் செருகினால் அந்தப் பெயர் அதற்குப் போய்விடும். மலிவான யூஎஸ்பி பெட்டிகள் சில எல்லாவற்றுக்கும் ஒரே பொய் சீரியலைத் தரும், அதையும் சரிபாருங்கள். எஸ்டிபி1 என்ற பார்ட்டிஷனுக்கு (டிஸ்க்கின் ஒரு பகுதி) மட்டும் உரிமை கொடுத்தாலும் பூட் ஆகாது. பூட் விவரம் முழு டிஸ்க்கில் இருக்கிறது.

உரிமை கிடைத்த பிறகுதான் நிஜ ஆபத்து. பெட்டியைச் செருகியதும் உபுண்டு தானாகவே மவுன்ட் செய்துவிடும், அதாவது ஃபைல்களைப் பயன்படுத்தத் திறந்து வைத்துவிடும். ஃபைல் மேனேஜரில் அந்த டிஸ்க் திறந்திருக்க, விர்ச்சுவல் மெஷினிலும் அதே டிஸ்க் ஓடினால், இரண்டு பேர் ஒரே பேரேட்டில் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் எழுதுகிற கதைதான். சிதறிப்போகும். உரிமை சரியாக இருந்தாலும் சிதறும், சூடோ போட்டாலும் சிதறும். நீங்கள் எதையும் எழுதவில்லை என்றாலும் விண்டோஸ் சும்மா இருக்காது. ஒவ்வொரு முறையும் முதலில் உபுண்டுவில் அன்மவுன்ட் செய்து மூடுங்கள்.

என்னைக் கேட்டால் இந்த வம்பே வேண்டாம். ஒரே ஒரு முறை சூடோவில் முழு டிஸ்க்கையும் இமேஜ் ஃபைலாக (டிஸ்க்கின் அச்சு அசல் நகலான ஒரே ஃபைல்) எடுத்து, அதன் ஓனரை உங்கள் பெயருக்கு மாற்றி, இனி அதிலிருந்தே பூட் செய்யுங்கள். அசல் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள்.