ஜானு பருவாவின் படங்கள்: எதில் தொடங்குவது, எதைக் கவனிப்பது?

கேள்வி: அசாமியப் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அசாமிய இயக்குநர் ஜானு பருவாவின் விருதுப் படங்களை வரிசையாகப் பார்த்தால் போதுமா?

வேண்டாம். முதலில் 'ஹாகரலோய் பொஹுதூர்' (1995) பாருங்கள். ஆற்றைக் கடக்க ஊரே நம்பியிருக்கும் ஒரு கிழட்டுப் படகோட்டி, அவர் வளர்க்கும் பேரன், ஆற்றின் குறுக்கே எழும் பாலம், நகரத்தில் இருக்கும் மகன். கதை இவ்வளவுதான். பாலம் ஊருக்கு நல்லது என்பதைப் படம் மறுக்கவில்லை. அந்த நல்லதுக்கான விலையை ஒரே ஒரு ஆள் கொடுக்கிறார், அதைத்தான் காட்டுகிறது. சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது பருவாவுக்கு இதற்காகத்தான் கிடைத்தது. பிஷ்ணு கர்கோரியா துடுப்புப் போடும் காட்சிகளை ஓட்டிவிடாதீர்கள். அவருடைய உடம்பு அந்த வேலைக்கு எவ்வளவு பழகியிருக்கிறது என்று தெரிந்தால்தான் பிற்பாதி வலிக்கும்.

அடுத்து 'ஹாலதியா ஸொராயே பாவ்தான் காய்' (1987), பிறகு 'பிரிங்கோதி' (1992). முதல் படமான 'அபரூபா'வை (1982) நாலாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'ஹாகரலோய் பொஹுதூர்' தலைப்பை ஒரு இடத்தில் 'சாகர' என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 'ஹாகர', ஆங்கிலத்தில் எக்ஸ் போட்டும் எழுதுகிறார்கள். எது சரி?

எழுத்தில் அது நமக்குத் தெரிந்த சாகரம்தான். அசாமியர் அந்த 'ச'வைத் தொண்டைப் பக்கமிருந்து உரசிச் சொல்வார்கள். 'அஃது' என்று நிறுத்திச் சொன்னால் வரும் ஒலிக்குப் பக்கத்தில் இருக்கும். அதை எழுத வழியில்லாமல்தான் இத்தனை எழுத்துக்கூட்டல். தேடும்போது எல்லா வடிவத்தையும் போட்டுப் பாருங்கள், ஒன்றில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும். 'லோய்' நம் நான்காம் வேற்றுமை 'கு'. 'பொஹு' என்பது நாம் 'வெகு' என்று சொல்லும் அதே சொல். ஆகத் தலைப்பு 'கடலுக்கு வெகுதூரம்'.

கேள்வி: 'ஹாலதியா' 1987 என்கிறார்கள், தேசிய விருது 1988 என்கிறார்கள். குழப்பமாக இருக்கிறதே?

இரண்டும் சரி. தேசிய விருதுக்கு ஒரு படம் எந்த ஆண்டில் தணிக்கைச் சான்றிதழ் வாங்கியதோ அந்த ஆண்டுதான் கணக்கு. இந்த விருதை அடுத்த ஆண்டு தந்தார்கள். இது 35ஆவது தேசிய விருது. 'நாயகன்' படத்துக்காகக் கமல்ஹாசன், பி.சி. ஸ்ரீராம், தோட்டா தரணி மூவரும் வாங்கியதும் இதே சுற்றில்தான். சிறந்த படத்துக்கான தங்கத்தாமரை ஒரு அசாமியப் படத்துக்குப் போனது அதுவே முதல் தடவை. இரண்டாவது தடவைக்கு, 2017ஆம் ஆண்டுப் படங்களில் ரீமா தாஸின் 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 1988இல் சுவிட்சர்லாந்தின் லோகார்னோ திரைப்பட விழாவில் 'ஹாலதியா'வுக்கு வெள்ளிச் சிறுத்தை விருதும், விவசாயியாக நடித்த இந்திர பனியாவுக்கு நடிப்புக்கான விருதும் கிடைத்தன.

கேள்வி: ஏழை விவசாயி, கெட்ட பண்ணையார். நாம் ஐம்பது படத்தில் பார்த்ததுதானே? 'ஹாலதியா'வில் என்ன புதிது?

பண்ணையார் இருக்கிறார், ஆனால் விவசாயி ராகேஸ்வரைத் தின்பது அவர் இல்லை, காகிதம். அப்பன் காலத்திலிருந்து உழுத நிலத்தை அடமான நிலம் என்கிறார் பண்ணையார் சனாதன் சர்மா. இல்லை என்று காட்ட ராகேஸ்வரிடம் எழுத்தில் எதுவும் கிடையாது. அதன்பிறகு படம் முழுக்க அலுவலகம் அலுவலகமாக நடைதான். ஒவ்வொரு மேசைக்கும் கொஞ்சம் பணம். அந்தப் பணத்துக்காக வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே போகிறது. ஒரு நோட்டில் பார்க்கும்போதே குறித்துவையுங்கள்: இந்தக் காட்சியில் என்ன விற்றான், அதற்குப் பதிலாக என்ன கிடைத்தது. பருவா கதையைக் கட்டியிருப்பது அந்த வரவு செலவில்தான். சண்டைக்காட்சி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். ஹோமேன் பர்கோஹாயின் நாவல்தான் மூலம்.

பாவ்தான் என்பது வெள்ளத்தோடு சேர்ந்து உயர்ந்து வளரும் ஆழ்நீர் நெல். கோடைமழைக்கு முன் விதைத்தால் அறுப்பு மார்கழி வாக்கில்தான். இவ்வளவு மாதம் நிலத்தில் நிற்கும் பயிரை மஞ்சள் குருவி தின்றுவிட்டுப் போகிறது என்பது தலைப்பின் பொருள். ஆங்கிலத்தில் வைத்த 'பேரழிவு' என்ற தலைப்பில் இந்தக் கசப்பு வரவே இல்லை.

கேள்வி: பருவா எங்கே படித்தார்?

புனே திரைப்படக் கல்லூரி, இயக்கம். பிறகு இஸ்ரோவின் செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனையில் குழந்தைகளுக்கான அறிவியல் நிகழ்ச்சிகள் எடுத்தார். சிக்கலான ஒன்றை, கேட்பவர் படிக்காதவர் என்று இளக்காரம் இல்லாமல் சொல்லும் பழக்கம் அங்கே படிந்தது என்பது என் ஊகம்.

கேள்வி: 'பிரிங்கோதி' ஏன் மூன்றாவது?

தலைப்புக்குத் தீப்பொறி என்று பொருள். கணவனை இழந்த ஆசிரியை ஒரு கிராமத்துக்கு வந்து எரிந்துபோன பள்ளியை மறுபடி எழுப்புகிறார். மலயா கோஸ்வாமிக்குச் சிறந்த நடிகை தேசிய விருது. மற்ற இரண்டிலும் எங்கோ எடுக்கப்பட்ட முடிவு சின்ன ஆளின் தலையில் வந்து விழுகிறது. இதில் எதிர்த்திசை. அந்த வித்தியாசம் தெரிய, முதலில் அவற்றைப் பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: அனுபம் கேர் நடித்த இந்திப் படம் இவருடையதா?

ஆமாம், 'மைனே காந்தி கோ நஹீ மாரா' (2005). நினைவு குலையும் பேராசிரியராகக் கேர், மகளாக ஊர்மிளா. நல்ல நடிப்பு. ஆனால் அசாமியப் படங்களில் சொல்லாமல் விடுவதை, இதன் கடைசிப் பகுதியில் வசனமாகவே பேசிவிடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் 'ஹாலதியா' போடப்போகிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முந்தின நாளே அதே திரையில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பழைய பிரதியை அகலத்திரைக்கு இழுத்தால் முகங்கள் சப்பையாகும், பெரிதாக்கினால் நெற்றியும் அடியில் வரும் துணையெழுத்தும் (சப்டைட்டில்) வெட்டுப்படும். படத்தின் இயல்பான அளவில் வைத்து, இரு பக்கமும் கறுப்பாகவே இருக்கட்டும். வயல் காட்சிகளில் துணையெழுத்து வெளிச்சத்தில் கரைகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்றைப் பார்வையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அசாமிய மொழியில் முன்னிலைக்கு மூன்று படி: 'தொய்' என்றால் 'டா' போட்ட நீ, 'துமி' நடுத்தரம், 'ஆபுனி' நீங்கள். ஆங்கிலத் துணையெழுத்தில் மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். அலுவலகக் காட்சிகளில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று காது கொடுத்தால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். 'தேவுதா' என்றால் அப்பா, கடவுள் இல்லை. இதையும் சொல்லிவையுங்கள், நம் ஆட்கள் நிச்சயம் 'தேவதை' என்று நினைத்துக்கொள்வார்கள்.