கேஸ் ஷீட் கேட்டதற்கு எழுத்து எங்கே?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் செய்துகொண்டேன். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பித்தநாளம் காயப்பட்டிருந்ததால் 12 நாள் கழித்து வேறு மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து சரிசெய்ய வேண்டியதாயிற்று. முதல் ஆபரேஷன் முடிந்து இப்போது 22 மாதம் ஆகிறது. டாக்டர் ஒரு வார்த்தை வருத்தம்கூடச் சொல்லவில்லை. கேஸ் ஷீட் (மருத்துவமனை எழுதிவைத்த சிகிச்சைப் பதிவு) கேட்டு மூன்று முறை நடந்தேன். போன மாதம் ரெக்கார்ட்ஸ் பிரிவில் உட்காரவைத்துப் படிக்க மட்டும் விட்டார்கள். சில பக்கங்களைச் செல்போனில் படமெடுத்தேன். சம்மதப் படிவத்தில், நான் கையெழுத்திட்டபோது இல்லாத வரிகள் பேனாவால் எழுதப்பட்டுள்ளன. இரண்டாம் நாளே டிரெயினில் (வயிற்றிலிருந்து நீரை வெளியேற்ற வைத்த குழாயில்) பச்சையாக வந்ததாக நர்ஸும் எழுதியிருக்கிறார். போலி ஆவணம் என்று போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: போலீஸுக்குப் போக வேண்டாம். கையெழுத்து உங்களுடையதுதான் என்று நீங்களே சொல்கிறீர்கள். வரிகள் பிறகு சேர்க்கப்பட்டவை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான் விழும். நிரூபித்தாலும் லாபம் குறைவு. பித்தநாளக் காயம் இந்த ஆபரேஷனில் தெரிந்த அபாயம், அதற்குச் சம்மதித்தவர் கவனக்குறைவுக்கும் சம்மதித்ததாக ஆகாது. போலி என்ற குற்றச்சாட்டையே முன்னால் நிறுத்தினால், ‘இது விரிவான சாட்சி விசாரணை தேவைப்படும் விஷயம், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்’ என்று நீங்கள் இழப்பீடு கேட்டுப் போக வேண்டிய நுகர்வோர் ஆணையம் கைகழுவ இடம் கொடுத்தது போலாகும். டாக்டரின் பாராமுகத்துக்கும் உங்கள் அலைச்சலுக்கும் வழக்கில் மதிப்பெண் கிடையாது.

போகிற போக்கில் கடைசியாகச் சொன்ன நர்ஸ் குறிப்புதான் உங்கள் வழக்கு. காயம் ஏற்பட்டது மட்டும் கவனக்குறைவு ஆகாது. டிரெயினில் பச்சை நிறப் பித்தநீர் வந்த பிறகும் டாக்டர் ஸ்கேன் பார்க்காமல், ‘நிலை சீராக உள்ளது’ என்று எழுதி நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினாரா என்பதே கேள்வி. டிஸ்சார்ஜ் சம்மரியில் இதற்கு விடை இருக்காது. டிரெயின் அளவு, நிறம், நேரம் எழுதிய சார்ட்டையும் அதே நாளில் டாக்டர் ரவுண்ட்ஸில் எழுதியதையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் தெரியும். அந்த இரண்டையும் பார்த்துத்தான் வேறொரு அறுவை நிபுணர் உங்களுக்குக் கருத்து எழுதித் தர முடியும்.

இனி ஆபத்து. ‘ரெக்கார்டைப் பார்த்தது போன மாதம்தான், அதிலிருந்து இரண்டு வருடம் இருக்கிறது’ என்று கணக்குப் போட்டு மோசம் போனவர்கள் அதிகம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69-இன்படி வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பித்தநாளம் காயப்பட்டது இரண்டாவது ஆபரேஷனின்போதே உங்களுக்குத் தெரியும், அதைத் தாண்டி நாளை எண்ண முடியாது. 1993-இல் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவருக்கு ஆபரேஷனில் ரத்தம் ஒற்றும் காஸ் துணி வயிற்றிலேயே இருந்தது 2002-இல் தெரிந்து, 2004-இல் வழக்குப் போட்டார். ஆரம்பம் முதலே வலி இருந்தும் விசாரிக்காமல் விட்டார் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் காலம் கடந்ததாகத் தள்ளியது. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்தான், அதை நம்பி உட்காராதீர்கள். மருத்துவமனையோடு பேச்சுவார்த்தை நடப்பதாலோ வக்கீல் நோட்டீஸ் போனதாலோ இந்தக் கெடு நிற்காது. முதல் ஆபரேஷன் தேதியிலிருந்தே எண்ணுங்கள், கையில் இரண்டு மாதம்கூட முழுசாக இல்லை.

அடுத்தது எழுத்து. மூன்று முறை நடந்ததற்கு உங்களிடம் என்ன அத்தாட்சி? மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் ரெக்கார்ட் தர வேண்டும். வாயால் கேட்டிருந்தால் ‘யாரும் கேட்கவே இல்லை’ என்பார்கள், முடிந்தது கதை. நாளைக்கே மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் பெயருக்கு மனு கொடுங்கள். உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, அடையாள அட்டை நகல் இருக்கட்டும். ‘முழு கேஸ் ஷீட்’ என்று பொதுவாக எழுதினால் டிஸ்சார்ஜ் சம்மரியையே மறுபடி தருவார்கள். சம்மதப் படிவம், ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) நோட்ஸ், மயக்க மருந்து சார்ட், நர்ஸிங் நோட்ஸ், டிரெயின் சார்ட், லேப் ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் சி.டி., பதிவு செய்திருந்தால் ஆபரேஷன் வீடியோ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பக்கத்துக்குப் பக்கம் எண்ணும் முத்திரையும் வேண்டும். மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள், மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி டெலிவரி சான்றை வைத்துக்கொள்ளுங்கள். குற்றச்சாட்டு ஒரு வரிகூட இதில் வேண்டாம். சண்டை நோட்டீஸ் முதலில் போனால், நகல் வருவதற்குள் காலியாக இருந்த கட்டங்கள் நிரம்பிவிடும். அதே விதிகளின்படி உள்நோயாளி ரெக்கார்டை வைத்திருக்க வேண்டியது சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று வருடம்தான், அது கடந்தால் ‘அழித்துவிட்டோம்’ என்று சொல்ல வழி இருக்கிறது.

செல்போன் படங்கள் இப்போது தங்கம். வரப்போகும் நகலில் ஏதாவது மாறியிருந்தால் காட்டிக்கொடுப்பவை அவைதான். அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் எடுத்த நேரம் போன்ற விவரங்கள் உதிர்ந்துவிடும், மூலக் கோப்பு போனிலேயே இருக்கட்டும். தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் வேண்டும். ஃபேஸ்புக்கில் போட்டு நியாயம் கேட்கும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள், அவதூறு நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதிலேயே உங்கள் இரண்டு மாதம் போய்விடும்.

நகல் வந்து, டிரெயின் சார்ட்டும் டாக்டர் குறிப்பும் முரண்பட்டால், நிபுணர் கருத்தோடு வழக்கைத் தாக்கல் செய்துவிட்டுச் சமரசம் பேசுங்கள். ஆமாம், சமரசம்தான். நிபுணர் குறுக்கு விசாரணை, மேல்முறையீடு என்று வருடங்கள் ஓடும், உங்களுக்குத் தேவை இரண்டாவது ஆபரேஷன் செலவும் இழந்த வருமானமும். அந்த பில்களையும் சம்பள இழப்புச் சான்றையும் இப்போதே சேர்த்து வையுங்கள். ரெக்கார்ட் தருவதற்கோ பழைய பில்லைத் தள்ளுபடி செய்வதற்கோ ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.